சாவி விட்டுப்போச்சு

எங்கள் சிட்லபாக்கம் தெருவில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில், பொழுது போகவில்லை. வீட்டுப் பின்புறம் சின்னதாக ஒரு பட்டறை போடப் போகிறேன் என்று போன மாதம் என்னிடம் வந்தார். ஒரு சின்ன லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர். "சம்பந்தம் சார், நீங்க முப்பத்தாறு வருஷம் மெஷின் ஷாப்ல இருந்தவரு. என்னென்ன வேணும்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க" என்றார். போட்டுக் கொடுத்தேன். இரண்டு பக்கம் வந்தது. மறுநாள் அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு திரும்ப வந்துவிட்டார்.

"முதல் வரியில 'ஆணி ஒன்று'ன்னு எழுதியிருக்கீங்க. லேத்தே அதுக்கு அப்புறம்தான் வருது. ஏதோ மாத்தி எழுதிட்டீங்கன்னு நினைக்கிறேன்."

மாற்றி எழுதவில்லை என்றேன். அப்போது அவர் கண் என் வீட்டுச் சுவரில் பட்டது. அங்கே ஓர் ஆணியில் லேத்தின் சக் சாவி ஒன்று தொங்குகிறது. "உங்க வீட்டுல லேத்தே கிடையாதே சார். அந்தச் சாவி எதுக்கு?" என்றார். வாயால் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். வயசாகிவிட்டது என்று அவராக நினைத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். சொல்ல முடியாததை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

லேத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுழற்றும் தலைக்குச் சக் என்று பெயர். அதன் தாடைகளை இறுக்கவும் தளர்த்தவும் இருப்பதுதான் சக் சாவி. பூட்டுச் சாவி மாதிரி இருக்காது. கட்டைவிரல் தடிமனில் ஓர் இரும்புத் தண்டு, தலையில் குறுக்கே ஒரு கைப்பிடி. அரைக் கிலோ தேறும். சக்கின் விளிம்பில் உள்ள சதுரக் குழியில் இதைச் செருகித் திருகினால் தாடை இறுகும். இறுகியதும் சாவியை உருவிவிட வேண்டும். உருவாமல் மோட்டாரைப் போட்டால் சக் சுழலும், சாவி பறக்கும். லேத் சுற்றும் திசை எப்படியென்றால், எதிரே நிற்கிற ஆள் பக்கம்தான் பறக்கும்.

மற்ற வரிகளைச் சொல்லிவிட்டு ஆணிக்கு வருகிறேன். எங்கள் பக்கமெல்லாம் ஏரி ஊர். ஐப்பசி அடைமழையில் தண்ணீர் எதுவரை வரும் என்று மேஸ்திரியைக் கேட்காதீர்கள், அந்த ஊரில் பழைய காலத்தில் நெல் விதைத்தவர்களைக் கேளுங்கள். பட்டறைத் தரை தெருவைவிட இரண்டடியாவது உயரட்டும். லேத்துக்கு அடியில் ஜல்லி போட்டுத் தனியாக அஸ்திவாரம் எடுத்து, போல்ட்டுகளைப் புதைத்து, மூன்று வாரம் தண்ணீர் ஊற்றிக் காயவிட்ட பிறகே நட்டை முறுக்க வேண்டும். அவசரப்பட்டு முறுக்கினால் மெஷின் ஒரு பக்கம் சாயும், அதன் பிறகு நீங்கள் கடைகிற எதுவும் உருளையாக வராது. வேலை மேஜைக்கு ரயில்வேயில் கழித்துவிட்ட பழைய ஸ்லீப்பர் கட்டையைவிட நல்ல மரம் கிடையாது. இரும்பைக் கவ்விப் பிடிக்க மேஜையில் பூட்டும் வைஸின் வாய் உங்கள் முழங்கை உயரத்தில் இருக்கட்டும். குழல் விளக்கை மட்டும் நம்பாதீர்கள். அதன் துடிப்பில் சுற்றுகிற சக் சில நேரம் நிற்கிற மாதிரி தெரியும், கையை வைத்துவிடுவீர்கள். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு குண்டு பல்பு போடுங்கள். எர்த்துக்குக் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, சித்திரை வெயிலில் மறக்காமல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

கடைசியாக மோட்டாரின் ஸ்விட்ச். அதைப் போடுகிறவர் கண்ணுக்குச் சக் தெரிய வேண்டும். இந்த வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன், வங்கிக்காரர் கவனித்திருப்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் ஆரம்பத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு தொழிற்சாலையில். பெயர் வேண்டாம். மூன்று வருஷம் பயிற்சி. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அரத்தால் ராவினேன், திட்டு வாங்கினேன். பிறகு லேத்தில் போட்டார்கள். எங்கள் ஃபோர்மன் தேவசகாயம் சார். தாம்பரத்தில் வீடு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. காக்கி கோட்டின் பைகளில் கையை விட்டுக்கொண்டு, மெஷின் வரிசைகளுக்கு நடுவே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நடப்பார். பின்னால் வந்து நிற்பது தெரியாது.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. "சாவி கையில இருக்கணும், இல்லேன்னா ஆணியில இருக்கணும். மூணாவது எடம் கிடையாது." ஒவ்வொரு லேத்துக்கும் பக்கத்துத் தூணில் ஓர் ஆணி அடித்து, அதன் அடியில் சாவியின் உருவத்தைச் சிவப்புப் பெயிண்டில் வரைந்து வைத்திருந்தார். சிவப்பு தெரிந்தால் சாவி அங்கே இல்லை என்று அர்த்தம். எவனாவது சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், சத்தமில்லாமல் உருவிக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார். அது அவர் மேஜை டிராயருக்குப் போய்விடும். போனவன் திரும்பி வந்து தேடுவான், பக்கத்து மெஷின்காரன் சிரிப்பான், விஷயம் புரியும்.

சாவியைத் திரும்ப வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. அபராதம் கிடையாது, மெமோ கிடையாது. அவர் மேஜைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். தலையைத் தூக்காமல், "சொல்லு" என்பார்.

"சாவி சக்குல விட்டுப்போச்சு சார்."

"சாவிக்குக் காலா இருக்கு, தானா போயி ஒக்கார? யாரு விட்டா?"

"மறந்துபோச்சு சார்."

"யாருக்கு?"

'நான் விட்டேன் சார்' என்று நம் வாயால் வரும்வரை அவர் பேனா நிற்காது. வந்துவிட்டால் டிராயரைத் திறந்து சாவியைக் கொடுப்பார், அதோடு சரி. பிற்பாடு ஒரு நாளும் அதை எடுத்துச் சொல்லிக் காட்டமாட்டார். மூணு வார்த்தைதான். ஆனால் அந்த 'நான்' என்பதைச் சொல்லுவதற்கு எங்களுக்கெல்லாம் உயிர் போகும். 'விட்டுப்போச்சு', 'உடைஞ்சுபோச்சு', 'ஆயிடுச்சு' என்று பேசிப் பழகிய நாக்கு எங்களுடையது. அதில் ஆள் இருக்கமாட்டான், காரியம் மட்டும் தானாக நடந்திருக்கும்.

அவர்மேல் எங்களுக்கு இருந்த பெரிய கோபம் ஆயுத பூஜையில். ஷாப்பையெல்லாம் கழுவி, மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி அலங்காரம் பண்ணுவதற்கு முன்னால் அவர் ஒரு பெரிய பிஸ்கட் டின்னோடு வருவார். இருக்கிற சக் சாவியையெல்லாம் எண்ணி டின்னில் போட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். மறுநாள் விஜயதசமியன்று, மாலையெல்லாம் எடுத்தான பிறகு, மெஷினை பெல்ட்டைப் பிடித்துக் கையாலேயே ஒரு சுற்றுச் சுற்றச் சொல்வார். அதற்கப்புறம்தான் சாவி.

"ஆயுத பூஜை அன்னிக்கு ஆயுதத்தையே பூட்டி வெச்சா அது இன்னா பூஜை?" என்று கேட்டவன் கோதண்டம். என் பக்கத்து லேத். செம்பாக்கத்துக்காரன், அவன் அப்பா காலம் வரை ஏரிப் பாசனத்தில் விவசாயம். நாங்கள் நாலு பேர் சேர்ந்து மேனேஜரிடம் போனோம். எங்கள் சாமி விஷயத்தில் அவர் எப்படிக் கை வைக்கலாம் என்று நான்தான் முன்னால் நின்று பேசினேன். மேனேஜர் தேவசகாயம் சாரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார்.

"பூவைப் போட்டா கண்ணு பூவைத்தான் பாக்கும். மெஷினுக்குப் போடுங்க, வேணாம்னு சொல்லல. சாவிக்குத்தான் போட்டாகணும்னா டின்னுக்கு மேல வெச்சுக்கோங்க."

மேனேஜர் சிரித்துவிட்டார். நாங்கள் அந்த வருஷம் பிஸ்கட் டின்னுக்கு மாலை போட்டோம். ஷாப் பூராவும் கேலி. எனக்கும் கோதண்டத்துக்கும் அது உள்ளுக்குள் எரிந்துகொண்டே இருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் பல பேர் வீட்டிலேயே லேத் போட ஆரம்பித்தார்கள். பெரிய தொழிற்சாலைகள் சின்னச் சின்ன வேலைகளை வெளியே கொடுத்துச் செய்து வாங்கின. கோதண்டத்துக்கும் அந்த ஆசை வந்தது. செம்பாக்கத்தில் வீட்டை ஒட்டி மாட்டுக் கொட்டகை இருந்த இடம் சும்மா கிடந்தது. மாடுகளை விற்று நாளாகியிருந்தது. "மச்சான், எத்தினி நாளிக்கு இன்னொருத்தன் மெஷினத் தொடச்சிகினு இருக்கறது? நம்ம வூட்டுல நம்மளே ஃபோர்மேனு" என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சைக்கிளில் போய்விடுவேன். ஏறக்குறைய ஒரு வருஷம் அந்தப் பட்டறைக்கு இரண்டு பேருமாக உழைத்தோம்.

மேலே நான் எழுதிய யோசனைகளெல்லாம் அங்கே செய்து கற்றவை. தரையை உயர்த்தினோம். பழைய லேத் ஒன்று கிண்டிப் பக்கம் கிடைத்தது. மாட்டு வண்டியில் ஏற்றி, வண்டிக்கு முன்னால் கோதண்டமும் பின்னால் நானுமாக நடந்தே கொண்டுவந்தோம். துருவை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து எடுக்கவே நாலு வாரம். மூர் மார்க்கெட்டில் அலைந்து வைஸும் டிரில் பிட்டுகளும் வாங்கினோம். கோதண்டத்தின் மனைவி வசந்தா, நாங்கள் ஊற்றிய அஸ்திவாரத்துக்குக் காலையும் மாலையும் கணக்குத் தவறாமல் தண்ணீர் ஊற்றினாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. "அண்ணா, இது எப்பதான் நடக்கும்?" என்று மெஷினைக் காட்டிக் கேட்பாள், நடை பழகாத குழந்தையைப் பற்றிக் கேட்கிற மாதிரி.

இரண்டு விஷயத்தில் கோட்டை விட்டோம். மோட்டாருக்கான மின் இணைப்பு வர நாளாகி, அது வந்தபோது ஆயுத பூஜைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. வயர் மிச்சமாகட்டும், வேலையும் சீக்கிரம் முடியட்டும் என்று மோட்டாரைப் போடுகிற ஸ்டார்ட்டர் பெட்டியை மீட்டருக்குப் பக்கத்தில், வாசல் கதவை ஒட்டிய சுவரில் வைத்தோம். அங்கே நின்றால் லேத்தின் முதுகுதான் தெரியும். இது ஒன்று. சாவிக்கு ஆணி அடிக்க நினைத்து, சுவர்ப் பூச்சு இன்னும் ஈரமாக இருக்கிறது, பூஜை கழியட்டும் என்று விட்டோம். இது இரண்டாவது. பாருங்கள், 'விட்டோம்' என்று இப்போது எளிதாக எழுதிவிடுகிறேன்.

பூஜை நாளன்று மத்தியானமே போய்விட்டேன். வசந்தா அடுப்படியில் சுண்டலுக்கு நின்றிருந்தாள். நானும் கோதண்டமும் மெஷினைத் துடைத்துச் சந்தனம் பூசினோம். அவன் தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து சாமந்தி மாலை ஒன்று வாங்கி வந்திருந்தான், கனமான மாலை. சக்கின் மேல் போட்டோம். உருண்டை, எண்ணெய்ப் பிசுக்கு வேறு, மாலை வழுக்கி வழுக்கி விழுந்தது. இரண்டு மூன்று தடவை போட்டுப் பார்த்தோம், நிற்கவில்லை.

நான் சாவியை எடுத்தேன். சக்கின் உச்சியில் இருந்த குழியில் செருகி நிமிர்த்தி வைத்தேன். குறுக்குக் கைப்பிடியின் இரண்டு பக்கமும் மாலையைத் தொங்கவிட்டேன். அம்சமாக நின்றது.

"அடேங்கப்பா! சூலம் கணக்கா கீது மச்சான்!" என்றான் கோதண்டம். கைப்பிடியின் நடுவில் சந்தனத்தை அப்பி அதன்மேல் பெரிதாகக் குங்குமப் பொட்டு வைத்தான். "தேவசகாயம் சார் இத்தப் பாத்தாருன்னா?"

"டின்ன எடுத்துக்கிட்டு வருவாரு" என்றேன். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மறுநாள் காலை ராகு காலத்துக்கு முன்னால் மோட்டாரைப் போட்டுவிட வேண்டும் என்று அவசரம். அவன் அண்ணன் குடும்பம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது, அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் வந்தார்கள். முதல் ஓட்டம், மாலையோடேயே ஒரு சுற்றுச் சுற்றவிட்டு நிறுத்தலாம் என்றான் கோதண்டம். சரியென்றேன். கற்பூரத் தட்டோடு அவன் லேத்துக்கு எதிரே போய் நின்றான்.

"வசந்தா, நீ போடு. ஒன் கையாலதான் ஓடணும்."

"ஐய, எனக்கு இன்னா தெரியும்? நீயே போடு."

"மகாலச்சுமி கணக்கா நிக்கற, போடுன்னா."

அவள் ஸ்டார்ட்டருக்குப் போனாள். எது என்று என்னைப் பார்த்தாள். நான் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "பச்சைப் பட்டனம்மா" என்று விரலால் காட்டினேன்.

அவனும் நானும் பத்து வருஷம் லேத்தில் நின்றவர்கள். உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சாவி எங்கே என்று சொல்லக்கூடியவர்கள். அன்று காலை நான் ஸ்டார்ட்டர் பக்கம் போகும்வரை அந்தச் சாவி எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் நேராகத்தான் நின்றது. கோதண்டம் அதற்குத்தான் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தான். பொட்டு வைத்த பிறகு அது எங்களுக்குச் சாவியாகத் தெரியவில்லை, சாமியாகத் தெரிந்தது. இதைத் தவிர வேறு விளக்கம் இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

அவள் அழுத்தினாள். பூ தெறித்தது. ஒரு சத்தம் கேட்டது, இரும்பில் பட்ட சத்தம் இல்லை. தட்டு விழுந்து உருண்டது. மெஷின் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. சிவப்புப் பட்டன் எதற்கு என்று வசந்தாவுக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நான்தான் அழுத்தி நிறுத்தினேன்.

நெற்றிப்பொட்டில் அடி. டாக்சி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கோதண்டம் மூன்று நாள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான், கண் திறக்கவில்லை, பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் போய்விட்டான்.

போலீஸ்காரர் வந்தார். எப்படி நடந்தது என்று கேட்டார். "சாவி சக்குலயே விட்டுப்போச்சுங்க" என்றேன். எழுதிக்கொண்டு போனார். அண்ணன் கேட்டார், ஷாப்பில் கேட்டார்கள், என் மனைவி கேட்டாள். எல்லாருக்கும் அதே வாக்கியம். அதைச் சொல்லுவது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது. ஷாப்பில், "கோதண்டம் அசட்டையா இருந்துட்டான் பாவம்" என்றார்கள். செம்பாக்கத்தில் அப்படிச் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில், எல்லாரும் கேட்க, கோதண்டத்தின் அண்ணன் சொன்னார்: "இவ கை வெச்சா. வெளங்குமா? பெத்துப் போடத்தான் வக்கில்ல, இருந்தவனையும் வாரிக் குடுத்துட்டா."

வசந்தா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நிமிரவில்லை. நான் இரண்டு கஜ தூரத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷம் வாயைத் திறந்திருக்க வேண்டும். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனேன்.

தேவசகாயம் சார் காரியத்துக்கு வந்திருந்தார். சாப்பிடவில்லை. எல்லாரும் போன பிறகு, "பட்டறையைக் காட்டு" என்றார். கூட்டிப் போனேன். மெஷினைச் சுற்றி நடந்தார். ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் நின்று அங்கிருந்து லேத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார், ஆணி இல்லை. சாவி மூலையில் கிடந்தது, ஒருவரும் தொடவில்லை. குனிந்து எடுத்தார். கைப்பிடியில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. மாலை நார் இரண்டு சுற்றாகச் சுற்றியபடி அப்படியே இருந்தது.

"இது எப்படிச் சக்குக்கு வந்துச்சு, சம்பந்தம்?"

"விட்டுப்போச்சு சார்."

சாவிக்குக் காலா இருக்கு என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் கேட்கவில்லை. கைக்குட்டையை விரித்து அதில் சாவியைச் சுற்றினார். கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். "என் டிராயர்லதான் இருக்கும்" என்றார், வெளியே போய்விட்டார்.

அதற்கப்புறம் வசந்தா எந்த ஸ்விட்சையும் தொடவில்லை. முதலில் எனக்குத் தெரியாது. ஒரு மாசம் கழித்து வேலை முடிந்து அந்த வழியாக வந்தபோது வீடு இருட்டிக் கிடந்தது. கரண்ட் இல்லையா என்று கேட்டேன். "இருக்குதுண்ணா. என்னால போட முடியல" என்றாள். விரலை ஸ்விட்சுக்குக் கொண்டுபோனால் அந்தச் சத்தம் கேட்கிறதாம். அணைப்பதில் சிரமமில்லை, அணைத்துவிடுவாள். போடுவதுதான் முடியாது. நான் வாசலுக்குள் ஓர் அடி வைத்து, கதவோரம் இருந்த ஸ்விட்சைப் போட்டேன். வெளிச்சம் வந்ததும் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டேன்.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். அப்படியே ஏழு வருஷம். ஷிப்ட் முடிந்து செம்பாக்கம் வழியாகச் சுற்றிக்கொண்டு வருவேன். உள்ளே போய் உட்காரமாட்டேன். வாசலில் ஓர் அடி, ஸ்விட்ச், "என்னம்மா, சௌக்கியமா?", "ஆங், இருக்கண்ணா", அவ்வளவுதான். எனக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். மெஷினை அண்ணன் காயலான் கடைக்குப் போட்டார். அவள் தையல் மெஷின் ஒன்றைக் காலால் மிதித்துப் பிழைத்தாள். கல்யாணம், சீமந்தம், எதற்கும் அவளைக் கூப்பிடமாட்டார்கள். அவளும் எதிர்பார்ப்பதில்லை. 'என் கை அப்படி' என்று அவளே சொல்லப் பழகிவிட்டாள். ஊர் என்னை மட்டும் நல்லவன் என்றது. "கூடப் பொறந்தவன்கூட இப்டி வரமாட்டான்" என்று அந்த அண்ணனே ஒரு தடவை என் தோளைத் தட்டினார். என் மனைவி புண்ணியம் என்றாள். ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஒன்று செத்தது. ஆனாலும் சொல்லவில்லை. தினம் போய் விளக்குப் போடுகிறோமே, அதுவே போதாதா என்று மனசு ஒரு கணக்கு வைத்திருந்தது.

தேவசகாயம் சார் ஓய்வு பெற்ற நாளன்று கூட்டம் போட்டு, சால்வை போர்த்தி, பேசினோம். எல்லாம் முடிந்து அவர் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார். வணக்கம் சொல்லப் போனேன். அப்போது நான் ஃபோர்மனுக்கு அடுத்த படியான சார்ஜ்ஹேண்ட் ஆகியிருந்தேன், அந்த ஷாப்பில் அவர் சட்டத்தை நான்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். டிராயரைக் கடைசி வரை இழுத்தார். உள்ளே கைக்குட்டைச் சுருள் ஒன்று.

"ஒரு சாவி மிச்சம் இருக்கு. யாரும் கேட்டு வரல" என்றார்.

பேனா மூடியைத் திருகிக்கொண்டே, தலையைத் தூக்காமல், எனக்காகக் காத்திருந்தார். ஷாப்பில் இரண்டாம் ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் வெச்சேன் சார்" என்றேன். "மாலை நிக்கல. அதுக்காக வெச்சேன்."

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. "நார் சுத்தியிருந்ததைப் பாத்தப்பவே தெரியும். மாலையைக் கோதண்டமும் மாட்டியிருக்கலாம்தான். ஆனா நீதான் தினமும் அந்த வீட்டுக்குப் போறேன்னு கேள்விப்பட்டேன்." சாவியை என் கையில் வைத்தார். "எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?"

அன்று சாயங்காலமே போனேன். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. வசந்தா வாசற்படியில் உட்கார்ந்து துணியில் நூல் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் சைக்கிளை நிறுத்தி, கைக்குட்டையை அவிழ்த்து, சாவியை அவள் எதிரே படியில் வைத்தேன்.

"இத நான் வெச்சேம்மா. மொத நாளு, நீ அடுப்படியில இருந்தப்ப. மாலை வழுக்குதுன்னு நான்தான் சக்குல செருகினேன். காலையில எடுக்கல. ஒனக்குப் பட்டனையும் நான்தான் காட்டினேன். ஒன் கையில ஒண்ணும் இல்ல. ஒருநாளும் இல்ல."

அவள் சாவியையே பார்த்தாள். "அவருக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும். பக்கத்துலதான் நின்னான். சூலம் மாதிரி இருக்குன்னான். பொட்டு அவன்தான் வெச்சான்."

அவள் விரலை நீட்டிக் காய்ந்த சந்தனத்தைத் தொட்டாள். ஏழு வருஷத்துச் சந்தனம், பொடியாக உதிர்ந்தது. பிறகு என்னை நேராகப் பார்த்தாள்.

"ஏழு வருசமா தெனம் வந்து நின்னீங்களேண்ணா. எனக்கு வெளக்குப் போட வந்தீங்களா, இல்ல ஒங்களுக்கா?"

பழக்க தோஷத்தில் கை கதவோர ஸ்விட்சுக்குப் போயிற்று.

"அத வுட்டுடுங்க" என்றாள். "இத எடுத்துகினு போங்க. என் வூட்டுல இது இருக்க வாணாம்."

வீட்டுக்கு வந்ததும் ஓர் ஆணி அடித்தேன். சாவியை மாட்டினேன். அதுதான் வங்கிக்காரர் பார்த்த சாவி.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் சைக்கிள் தானாகவே செம்பாக்கம் பக்கம் திரும்பிற்று. இல்லை, நான்தான் திருப்பினேன். தெரு முனையிலிருந்தே தெரிந்தது, வசந்தா வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் போட்ட விளக்கு. ஒரு கணம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வேகமாக மிதித்துக் கிட்டே போனேன்.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. சைக்கிள் மணியை அடித்தேன், தினமும் அடிக்கிற மாதிரி. தையல் மெஷின் நின்றது. பிறகு அது மறுபடியும் ஓட ஆரம்பித்தது. நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டேன்.